நிமிர்த்தி வைத்த இத்தாலி எஞ்சின்

நம் வயதுக்காரர்களுக்குக் கைப்பேசியில் வருவது இரண்டே வகைதான். ஒன்று, பூங்கொத்தோடு காலை வணக்கம். இன்னொன்று, கூடப் படித்தவனின் மாலை போட்ட படம். பழக்க தோஷத்தில் இரண்டாவது வகைக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, இறந்தவனின் சம்சாரத்திடம் வசவு வாங்கியவன் நான். ஆகவே போன மாதம் மூன்றாவது வகையாக ஒன்று வந்தபோது, எதையும் அழுத்தாமல் ஜாக்கிரதையாகப் பார்த்தேன்.

ஒரு எஞ்சின் படம். அக்கா மகன் அனுப்பியிருந்தான். ஏதோ வெளிநாட்டுக் காட்சிச்சாலையில், பளபளவென்று துடைத்து, கம்பித் தாங்கியில் மாட்டி வைத்திருந்தார்கள். நாலு சிலிண்டரும் கறவை மாட்டு மடி மாதிரிக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. பையன் படத்தைத் தலைகீழாக எடுத்துவிட்டான் என்று நினைத்துக் கைப்பேசியைத் திருப்பினேன். படமும் கூடவே திரும்பிக்கொண்டது. மறுபடி திருப்பினேன். அதுவும் விடவில்லை. இப்படி நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் அவனே கூப்பிட்டான்.

"மாமா, பாத்தீங்களா?"

"பாத்தேன்டா. நேரா எடுக்கக் கூடாதா?"

"நேராத்தான் இருக்கு மாமா. சின்ன ஏரோப்ளேனுக்குன்னு இத்தாலிக்காரன் செஞ்சது. ஓட்டறவனுக்கு முன்னால மறைக்கக் கூடாதுன்னு சிலிண்டரக் கீழ தொங்கவிட்டுருக்கான். அது அப்படித்தான் ஓடணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "வீட்டுல கெடக்கற பித்தளைத் தகட்டுல உள்ள அதே பேரு. நம்ம எஞ்சின் மாமா இது."

அவன் அந்த எஞ்சின் ஓடிப் பார்த்ததில்லை. அது ஓடி நின்று இரண்டு மாதம் கழித்துத்தான் அவன் பிறந்தான்.

அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது வாத்தியார் மறுக்கக்கூடிய தகவல். எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், ரெண்டு ஊர்க்காரர்களும் "அது உங்க பக்கம்" என்று தள்ளிவிடுகிற இடத்தில் இருந்தது. இப்போது போனால் தேட வேண்டாம். எங்கள் காடு இருந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளம் இருக்கிறது. கிணறும் அதற்குள் போய்விட்டது. பள்ளத்துக்குள் பள்ளம் எங்கே என்று யாரால் காட்ட முடியும்?

அது பங்குக் கிணறு. அப்பாவுக்குப் பாதி, பெரியப்பாவுக்குப் பாதி. கிணற்றை நடுவில் வெட்ட முடியாது என்பதால் நாளை வெட்டி வைத்திருந்தார்கள். இன்றைக்கு விடிந்தால் எங்கள் முறை, நாளை விடிந்தால் அவர்கள் முறை. நம் முறையில் இறைக்காமல் விட்ட தண்ணீர் அடுத்தவனுக்கு. மழை பெய்யும் காலத்தில் இந்தச் சட்டம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. வாய்க்கால் வரப்பில் நின்ற ஒரு வேப்பமரத்தால் வந்தது. மரம் செத்துப் பல வருஷமாகியும் சண்டை பச்சையாகவே இருந்தது. அப்பாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பெரியப்பா தன் மாட்டிடம் சொல்வார். "ஏன்டா செவல, வாய்க்காலக் கரையோட ஒடச்சுட்டுப் போனா யாருடா கட்டுவான்?" மாடு தலையாட்டும். அப்பா ஆட்டமாட்டார்.

அந்த வருஷம் இரண்டு மழையும் ஏமாற்றிவிட்டது. கரிசலில் கால் நுழைகிற அளவு வெடிப்பு. எங்கள் மிளகாய் பூவெடுத்து நின்றது. இன்னும் நாலு தண்ணீர் காட்டினால் காய் பிடித்துவிடும். காட்டாவிட்டால் அடுப்புக்குக் கூட ஆகாது. வீட்டில் எல்லோர் பேச்சும் அந்த நாலு தண்ணீரைச் சுற்றியே இருந்தது. கிணற்றிலோ முழங்கால் அளவுதான் ஊற்று. மாடு பூட்டி, சால் கட்டிக் கவலை இறைத்தால் பாதிக்கு மேல் சேறு. எவ்வளவு இறைத்தாலும் கொஞ்சம் மிச்சம் நின்றுவிடும். மறுநாள் அது பெரியப்பா வயலுக்குப் போகும். அப்பாவுக்கு அந்த மிச்சம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. எங்கள் முறையில் அடிமண் தெரிய உறிஞ்சிவிட ஒரு எஞ்சின் வேண்டும் என்று முடிவு செய்தார். கரண்டுக் கம்பி அப்போது எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கே மாமாவைச் சொல்ல வேண்டும். அம்மாவுடைய தம்பி. முந்தின வருஷம்தான் என் அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டோடு தங்கியிருந்தார். அதனால் என்னை வீட்டுக்குள் "மருமவனே" என்பார், வெளியே நாலு பேர் இருந்தால் "வாங்க மச்சான்" என்பார். முறைப்படி இரண்டும் சரி. என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது மூத்தவர். குறும்பில் ஒரே வயது. அக்கா அப்போது மாசமாக இருந்தாள்.

அப்பாவும் மாமாவும் ஆயில் எஞ்சின் வாங்குவதாகச் சொல்லித் திருச்சிக்குப் போனார்கள். நாலாம் நாள் அரியலூர் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் இதை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பழைய இரும்புக்கடையில் பாதி விலைக்குக் கிடைத்ததாம். இத்தாலிக்காரன் சண்டையில் விட்டுவிட்டு ஓடிய விமானத்திலிருந்து கழற்றியது என்று கடைக்காரர் சொன்னாராம். அவர் சொன்னது, நான் பொறுப்பில்லை. நூறு குதிரைக்கு மேல் சக்தி என்றும் சொல்லியிருக்கிறார். முழங்கால் தண்ணீருக்கு நூறு குதிரை. குடிக்க விட்டாலே கிணறு காலி.

ஊரே கூடியது. நான் அன்றைக்கு மட்டும் பெரிய மனுஷன். வகுப்புப் பையன்களிடம், எஞ்சினை மாட்டியதும் எங்கள் கிணறு கிளம்பிப் பறந்து திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றிவிட்டு வரும் என்றேன். இரண்டு பேர் நம்பினார்கள். ஒருவன் இடம் பிடித்து வைக்கச் சொன்னான்.

அரியலூரில் கல் லாரிகளைப் பிரித்து மாட்டுகிற மேஸ்திரி ஒருவர் வந்தார். கெட்டிக்காரர். லாரி இருமுகிற சத்தத்தை வைத்தே எந்த போல்ட் என்று சொல்வார். எஞ்சினைச் சுற்றி வந்தார். நாலு சிலிண்டரும் கீழே பார்த்துத் தொங்குவதைக் கண்டு பல்லை நாக்கால் துழாவினார்.

"எவனோ கவுத்துப் போட்டுருக்கான்ங்க."

"கவுத்தா?" என்றார் அப்பா.

"சிலிண்டர் தலை வானத்தப் பாக்கணும்ங்க. நம்ம தலை எங்க இருக்கு? கழுத்துக்கு மேலதானே? ஏரோப்ளேன் விழுந்தப்ப குப்புற விழுந்திருக்கும். அப்படியே கழட்டி அப்படியே வித்துட்டான்."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குப்புற விழுந்த ஒருவனை நிமிர்த்திப் போடுவது நல்ல காரியமாகவே தோன்றியது. எட்டுப் பேர் சேர்ந்து, கயிறு போட்டு, "ஏலேலோ" சொல்லிப் புரட்டினார்கள். சிலிண்டர்களின் அடியில் இருந்த மூடிகள் மேலே வந்தன. மேஸ்திரி அவற்றைத் திறந்தார். கிண்ணம் மாதிரி இருந்த ஒவ்வொரு மூடியிலிருந்தும் எண்ணெய் ஒழுகியது.

"பாத்தீங்களா? தலைகீழாக் கெடந்து கெடந்து எண்ணெயெல்லாம் தலைக்கு ஏறிடுச்சு" என்று சிரித்தபடி துணியால் துடைத்துக் காயவைத்தார். அந்த எண்ணெய் அங்கேதான் நிற்க வேண்டும் என்பதை அறுபது வருஷம் கழித்து அக்கா மகன் எனக்கு விளக்கினான். பெட்ரோல் கலக்கும் குடுவையும் கவிழ்ந்துவிட்டதால், அதைக் கழற்றி எறிந்துவிட்டு லாரியிலிருந்து ஒன்று மாட்டினார். காற்றடித்துச் சூட்டைத் தணிக்க எஞ்சினைச் சுற்றித் தகரச் சட்டை போட்டிருந்தது. இறக்கை இல்லாத எஞ்சினுக்குச் சட்டை எதற்கு என்று அதையும் கழற்றினார்கள். அம்மா அதைக் கோழிக்கூட்டுக்கு மூடியாக வைத்துக்கொண்டாள். கோழிகள் குளிர்ச்சியாக இருந்தன.

இப்போது என் பங்கு. எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகடு திருகியிருந்தது. ஏதோ எழுத்துகள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்துகள் மாதிரியே இருந்தன, ஆனால் எல்லாம் காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. புரட்டுவதற்கு முன்னால் நேராகத்தான் இருந்தன; நான் எழுத்துக்கூட்டிக்கூடப் பார்த்திருந்தேன். கூட்டம் இருக்கிறது, சும்மா இருக்க முடியுமா? குனிந்து, கால் இரண்டுக்கும் நடுவில் தலையை விட்டு, அந்தக் கோலத்தில் "எம், ஐ, எல்" என்று கத்தி வாசித்தேன்.

"மேஸ்திரி நிமித்தலடோய், கவுத்துட்டாரு! எழுத்தே சொல்லுது பாருங்க!"

என் டவுசரின் பின்பக்கக் கிழிசல் எல்லோருக்கும் தெரிந்தது. சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அப்பா கிழிசலைக் குறிபார்த்து ஒரு அடி வைத்தார். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது மாமா. கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்புளியை எடுத்து வந்தார். தகட்டைக் கழற்றி, நேராகத் திருப்பி, மறுபடி இறுக்கமாகத் திருகினார்.

"இப்பச் சரியாப் போச்சா மச்சான்?"

சரியாகத்தான் போயிற்று. நானும் கைதட்டினேன். சொன்னது உண்மை என்று எனக்கே தெரியாது என்பதுதான் இதில் கேவலம். எனக்குத் தேவைப்பட்டது சிரிப்பு. கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

தரையில் வைத்துப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தார்கள். பெரியப்பா வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, மறுநாள்தான் அகப்பட்டது. ஆனால் தண்ணீர் உறிஞ்சும் பம்பை மேலே வைத்தால் அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீர் ஏறாது. எனவே கிணற்றின் பாதி ஆழத்தில், பக்கச் சுவரில் ஒரு அறை மாதிரிக் குடைந்து, பனங்கட்டை பரப்பி, எஞ்சினையும் பம்பையும் அங்கே இறக்கி வைத்தார்கள். புகை போகக் குழாய் வேண்டாமா என்று மாமா கேட்டார்.

"பொகைன்னா மேல போவும். அதுக்கு யாராச்சும் வழி காட்டணுமா?" என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் பெரியப்பா கிணற்று மேட்டில் நின்று மாட்டைத் தடவிக்கொண்டே, எங்களுக்கு நன்றாகக் கேட்கிற மாதிரிச் சொன்னார். "ஏன்டா செவல, கொடஞ்ச பொந்துக்குள்ள அடுப்ப மூட்டுனா உள்ள எறங்கறவன் மூச்சு விடுவானா? மாட்டுக்குக்கூடத் தெரியுமேடா."

"வயித்தெரிச்சல் புடிச்ச மாடு" என்றார் அப்பா வண்டிச் சக்கரத்தைப் பார்த்து.

பெரியப்பா நேரே அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? கேட்டிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மாட்டிடம் சொன்ன சொல் மாட்டோடு போயிற்று.

எங்கள் முறை விடிந்தது. மாமா உள்ளே இறங்கி, சக்கரத்தில் கயிறு சுற்றி இழுத்து, எஞ்சினைக் கிளப்பிவிட்டு மேலே ஏறி வந்தார். குழாய் வாயில் தண்ணீர் முட்டிக்கொண்டு கொட்டியது. அவ்வளவு தண்ணீரை அந்தக் கிணற்றில் யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அடி தெரிந்துவிடும். எஞ்சினை நிறுத்தி, ஊற விட்டு, மறுபடி ஓட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் மாமா இறங்கி ஏறினார். மூன்றாம் தடவை ஏறி வந்தபோது தலை வலிக்கிறது என்று சொல்லி நெற்றியில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டார். அக்கா கம்பங்கூழ் கொண்டு வந்தாள். ஏழு மாத வயிற்றோடு வரப்பில் நடக்க முடியாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மாமா இரண்டு வாய் குடித்துவிட்டு, குமட்டுகிறது என்று வைத்துவிட்டார்.

"உனக்கு மசக்கை முடிஞ்சு எனக்கு வந்துருச்சு போல" என்றார். அக்கா சிரித்தாள்.

நாலு பாத்திதான் பாக்கி. எஞ்சின் சத்தம் மாறியது. யாரோ தகரத்தில் ஆணியை இழுக்கிற மாதிரி ஒரு கிறீச்சல், அதற்குப் பின் ஒரு இடி, பிறகு ஒன்றுமில்லை. குழாய் வாய் இரண்டு முறை விக்கி நின்றது.

"சூடு ஆறட்டும் மாமா" என்றார் மாமா அப்பாவிடம்.

"ஆறிக்கிட்டே இருந்தா பொழுது போயிரும். ஊறுன தண்ணியெல்லாம் காலையில அவனுக்கு. எறங்கிப் பாரு."

மாமா இறங்கினார். நான் மேலே எதிர்ப்பக்க விளிம்பில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ ஒன்றைத் தொட்டுக் கையை உதறிக்கொண்டார். பிறகு அதன்மேல் மெதுவாகத் தலையைச் சாய்த்தார், நெஞ்சுத் துடிப்பைக் கேட்கிற டாக்டர் மாதிரி. அப்படியே இருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "மாமா தூங்குது டோய்!" என்று கத்தினேன். கைகூடத் தட்டினேன். நான் சிரிக்கட்டும் என்றே செய்கிறார் என்று நினைத்தேன். அவர் செய்யக்கூடியவர்தான்.

அக்காதான் முதலில் எழுந்தாள். அவள் போட்ட சத்தத்தில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தார். அதற்குள் பெரியப்பா தன் வயலிலிருந்து ஓடி வந்து, அப்பாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்து மண்ணில் தள்ளினார்.

"எறங்காதடா! எறங்கினா நீயும் போயிருவடா!"

எனக்கு நினைவு தெரிந்து அவர் அப்பாவிடம் நேரே பேசிய முதல் பேச்சு அது. பிறகு வேப்பங்கொத்துகளைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றிக் காற்றைக் கலக்கினார். குடம் குடமாகத் தண்ணீரை உள்ளே ஊற்றச் சொன்னார். நாங்கள் எங்கள் வயலுக்கு இறைத்த தண்ணீரையே வாரி வாரி ஊற்றினோம். அதற்கப்புறம் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். மாமாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். மாமாவின் முகம் சிவந்து, உடம்பு நன்றாக உள்ள ஆள் மாதிரி இருந்தது. அதனால் வெகுநேரம் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா, தம்பி என்று சொல்லி அழுதாள், நடுவில் மருமகன் என்று சொல்லி அழுதாள். எந்த முறையில் அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊர் அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. புகை என்று பெரியப்பா சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மாசமாக இருக்கிறவள் புருஷன் கிணற்றில் இறங்கலாமா, அவளும் கிணற்று மேட்டை மிதிக்கலாமா, அங்கே இருக்கிற முனி சும்மா இருக்குமா? பெண்கள் அக்காவின் காதில் விழும்படியே பேசினார்கள். அப்பா அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. முனி என்று இருந்தால் "எறங்கிப் பாரு" என்ற சொல் இல்லாமல் போய்விடும் அல்லவா? நானும் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு வாரம்தான்.

ஆள் செத்த கிணற்றை முழுக்க இறைத்துவிட வேண்டும் என்பது வழக்கம். அந்தத் தண்ணீரைப் பயிருக்கு விடக் கூடாது. ஓடையில் விட்டுவிட வேண்டும். மூன்றாம் நாள் இரண்டு வீட்டு மாடுகளும் ஒரே கிணற்றில், ஒரே நாளில், முதல் தடவையாகப் பூட்டப்பட்டன. ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் பெரியப்பா. யார் முறை என்று யாரும் கேட்கவில்லை. மூன்று நாள் இறைக்காததால் கிணற்றில் இடுப்பளவு ஊறியிருந்தது. சால் சாலாக வந்த தண்ணீர் எங்கள் மிளகாய்க் காட்டின் ஓரமாகவே ஓடி, ஓடைக்குள் இறங்கி, வெடிப்புகளில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் நனைத்த பாத்திகள்கூட அதற்குள் காய்ந்து, செடிகள் இலை சுருண்டு நின்றன.

அப்போது அக்கா வந்தாள். மூலையை விட்டு நகரக் கூடாதவள். வெள்ளைச் சேலையோடு, அந்த வயிற்றோடு, வெயிலில் நடந்து வந்து வாய்க்கால் பக்கம் நின்றாள். பெண்கள் பின்னால் கத்திக்கொண்டே வந்தார்கள்.

"இந்தத் தண்ணிக்குத்தானே எறங்குனாரு?" என்றாள் அப்பாவிடம். "பாத்தியில விடுங்க."

"தீட்டுத் தண்ணிம்மா" என்றார் அப்பா.

"எனக்கு அவரு தீட்டா? விடுங்க."

அப்பா நகரவில்லை. மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவும் நகரவில்லை. அக்கா வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். குனிய முடியாமல் முழங்காலிட்டு, மூன்று வெட்டில் கரையை உடைத்தாள். தண்ணீர் திரும்பியது. ஊர்க்காரர்கள் சிலர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு பெரியப்பா மாட்டை அதட்டினார். மாடு சால் கயிற்றோடு சரிவில் இறங்கியது. அடிமண் தெரிகிறவரை அன்றைக்கு இறைத்தார்கள். கடைசிப் பாத்தி வரை அக்காவே மடை மாற்றினாள்.

அதன் பிறகு மற்ற மூன்று தண்ணீருக்கும் பெரியப்பா தன் முறையை விட்டுக் கொடுத்தார். மாட்டிடம் சொல்லித்தான் கொடுத்தார். மிளகாய் காய்த்தது. நன்றாகவே காய்த்தது. எங்கள் ஊரில் ஒரு காய்கூட யாரும் வாங்கவில்லை. அப்பா மூட்டை கட்டி, எங்களைத் தெரியாத அரியலூர்ச் சந்தையில் விற்றுவிட்டு வந்தார். வீட்டுக்கென்று அக்கா ஒரு மரக்கால் நிறுத்திக்கொண்டாள். பிள்ளை பெற்று எழுந்ததும் அவளே அதை வறுத்து, அம்மியில் அரைத்துக் குழம்பு வைத்தாள். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அவர் சாகிறவரை வீட்டுக் குழம்பில் மிளகாய் சேர்த்துக்கொள்ளவில்லை, மிளகுதான். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அக்கா என் தட்டில் ஊற்றிவிட்டு, மடியில் பிள்ளையோடு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். சாப்பிட்டேன். மற்ற மிளகாய் மாதிரியேதான் காரமாக இருந்தது. இரண்டாம் தடவையும் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினேன்.